பழைய டீசல் மோட்டார்ஹோம் வாங்கி அதிலேயே குடியிருக்க: முழுமையான வழிகாட்டி

சமையலறை, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பஸ் போன்ற வண்டிதான் மோட்டார்ஹோம். இருபது வயதான டீசல் மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி, வீட்டைக் காலி செய்துவிட்டு, வருடம் முழுக்க அதிலேயே வாழ முடியுமா? முடியும். அமெரிக்காவில் பலர் அப்படி வாழ்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம். புதிதாக வாங்கினால் பல லட்சம் டாலர் ஆகும் இந்த வண்டி (கோச் என்றும் சொல்வார்கள்), இருபது வருடம் கழித்து அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. எஞ்சினோ லாரிக்கும் பஸ்ஸுக்கும் என்று செய்தது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நம் தேவைக்கு மேலேயே உழைக்கும்.

இதை வாங்குகிறவர் ஒரே சாவியில் இரண்டு பொருள் வாங்குகிறார்: ஒரு பழைய பஸ், ஒரு பழைய வீடு. பஸ்ஸைக் கெடுப்பது ஓடாமல் நிற்பது. வீட்டைக் கெடுப்பது தண்ணீர். வண்டியின் வயதைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. கொட்டகைக்கு வெளியே ஐந்து வருடம் சும்மா நின்ற வண்டியைப் பார்த்தால்தான் பயம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டு கேள்விகளுக்கே விடை தேடுகிறது: இது எவ்வளவு காலம் நின்றது? எங்காவது தண்ணீர் இறங்கியதா?

இன்னொன்றும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு மட்டும் வைத்திருப்பவருக்கு, வண்டி பட்டறையில் கிடந்தால் ஒரு பயணம் ரத்தாகும். குடியிருப்பவருக்கு வீடே பட்டறையில் கிடக்கும். ஆகவே நாம் வாங்கும்போது காட்டும் கண்டிப்பு அவர் காட்டுவதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

படி 1: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் இருக்கும் மொத்தத் தொகையையும் வண்டியின் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். குறைந்தது நாலில் ஒரு பங்கை முதல் வருட வேலைகளுக்கு ஒதுக்குங்கள். முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு. எப்படியும் வரப்போகும் செலவுகள் இவை: ஆறு டயர், வண்டிக்குள் விளக்கு, பம்ப் ஓட்டும் வீட்டு பேட்டரிகள், எஞ்சின் பேட்டரிகள், எல்லா எண்ணெய், எல்லா ஃபில்டர், கூலன்ட், பெல்ட், ரப்பர் ஹோஸ்கள். டயர்கள் மட்டுமே சில ஆயிரம் டாலர் கேட்கும். விற்பவர் இவற்றைப் புதிதாக மாற்றி ரசீதோடு கொடுக்கிறார் என்றால், கூடுதல் விலை கொடுத்தாலும் அதுதான் மலிவு.

கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் வங்கியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து வருடத்தைத் தாண்டிய வண்டிக்குப் பல வங்கிகள் கடன் தருவதில்லை. அதிலேயே குடியிருக்கப் போகிறேன் என்று சொன்னால் பின்வாங்கும் வங்கிகளும் உண்டு. அதற்காக உண்மையை மறைக்காதீர்கள். காப்பீடு கோரும் நாளில் அது உங்கள் மேலேயே திரும்பும்.

படி 2: எந்த வருடம், எந்த எஞ்சின்

நான் பேசுவது எஞ்சின் பின்பக்கம் இருக்கும் பெரிய வண்டிகளைப் பற்றி. பின்னாலிருந்து தள்ளுவதால் அவற்றை டீசல் புஷர் என்பார்கள். ஓட்டுநர் இருக்கையில் சத்தம் குறைவு, ஏர் சஸ்பென்ஷன், பெரும்பாலும் ஏர் பிரேக், கீழே முழு நீளத்துக்கும் சாமான் அறைகள். குடியிருக்க இதுதான் வசதி.

வருடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை மனதில் வையுங்கள். 2007 ஜனவரி முதல் தயாரான கனரக டீசல் எஞ்சின்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் வந்தது. 2010-இலிருந்து டீ.ஈ.எஃப். என்ற யூரியா திரவத்தையும் ஊற்ற வேண்டியதாயிற்று. காற்றுக்கு இவை நல்லவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இருபது வயதான வண்டியில் சென்சார்களும் அந்த ஃபில்டரும் பழுதானால் செலவு கையைக் கடிக்கும். நடு வழியில் எஞ்சின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நிற்கவும் கூடும். பழைய வண்டியைத் தானே பராமரிக்க நினைப்பவர்களுக்கு 2007-க்கு முந்தைய எஞ்சின்தான் எளிது. வண்டியின் மாடல் வருடத்தை நம்பாதீர்கள். 2007 மாடல் என்று விற்ற பல வண்டிகளுக்குள் 2006-இல் தயாரான எஞ்சின் இருக்கிறது. எஞ்சின் மேலிருக்கும் தகட்டில் தயாரிப்புத் தேதியைப் படியுங்கள்.

இனி எஞ்சின்கள். பழைய புஷர்களில் பெரும்பாலும் கம்மின்ஸ் அல்லது கேட்டர்பில்லர் இருக்கும்.

கம்மின்ஸ் 5.9 லிட்டர் சிறிய வண்டிகளுக்கானது. 1998 வரை வந்த 12 வால்வு எஞ்சினில் எரிபொருள் பம்ப் முழுக்க இயந்திர வகை, கம்ப்யூட்டர் கிடையாது. எளிமையில் அதை மிஞ்ச ஒன்றில்லை. அதற்குப் பிறகு 2002 வரை வந்த 24 வால்வு எஞ்சினில் ஒரு பலவீனம் உண்டு. டேங்கிலிருந்து டீசலை ஏற்றிக் கொடுக்கும் சிறிய லிஃப்ட் பம்ப் சோர்ந்துபோனால், விலை உயர்ந்த இன்ஜெக்ஷன் பம்பையும் சேர்த்துக் கொன்றுவிடும். லிஃப்ட் பம்பை எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். இந்த எஞ்சின்களில் சில, பிளாக்கின் பக்கவாட்டில் 53 என்ற எண் வார்ப்போடு வந்தன. அவற்றில் விரிசல் விட்டுக் கூலன்ட் கசிவதுண்டு என்பது மெக்கானிக்குகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம். டார்ச் அடித்து அந்த எண்ணைத் தேடிவிடுங்கள்.

கம்மின்ஸ் 8.3 லிட்டரும் அதன் வாரிசான 8.9 லிட்டரும்தான் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லும் நடுத்தரமான தேர்வு. 36 முதல் 40 அடி வண்டியை மலையேற்ற இவற்றால் முடியும். இவற்றில் சிலிண்டர் லைனரை, அதாவது பிஸ்டன் ஓடும் உள் குழாயை, சுற்றிக் கூலன்ட் ஓடுகிறது. கூலன்டில் சேர்க்க வேண்டிய பாதுகாப்பு ரசாயனத்தை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால், லைனரின் வெளிப்புறத்தில் சிறுசிறு குழிகள் விழுந்து கடைசியில் ஓட்டையாகும். ஆகவே இந்த எஞ்சின்களில் கூலன்ட் மாற்றிய ரசீது எண்ணெய் மாற்றிய ரசீதுக்குச் சமம்.

கேட்டர்பில்லர் 3126, சி7, சி9 ஆகியவையும் நல்ல எஞ்சின்கள். அந்த நிறுவனம் 2010 வாக்கில் சாலை வண்டிகளுக்கு எஞ்சின் செய்வதை நிறுத்திக்கொண்டது. உதிரி பாகமும் சர்வீஸும் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் நீங்கள் சுற்றப்போகும் பகுதியில் மோட்டார்ஹோமை உள்ளே விடும் சர்வீஸ் நிலையம் எது என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கியர்பாக்ஸ் பெரும்பாலும் அலிசன் தானியங்கி, ஆறு கியர். அதைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. பழைய கனிம எண்ணெயை மாற்றிச் செயற்கை எண்ணெய் ஊற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

வண்டியைக் கட்டிய நிறுவனம் இன்று இருக்கிறதா? மொனாக்கோ, ஃப்ளீட்வுட், கன்ட்ரி கோச் மூன்றுமே 2009-இல் திவாலாயின. அதனால் அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், பிரேக் எல்லாம் லாரிக் கடைகளில் கிடைப்பவைதான். கிடைக்காமல் அலைய வைப்பவை வேறு: முன் கண்ணாடி, பின்பக்க ஃபைபர் மூடி, வண்டிக்கென்றே செய்த விளக்குகள், சுவிட்சுகளை இணைக்கும் எலக்ட்ரானிக் பெட்டி. இவை முழுதாக இருக்கும் வண்டியைத் தேடுங்கள்.

படி 3: எடை, நீளம்

இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். வண்டிக்குள் ஒட்டியிருக்கும் எடை அட்டையைத் தேடிப் படியுங்கள். மொத்தம் எவ்வளவு எடை தாங்கும், அதில் நாம் ஏற்றக்கூடியது எவ்வளவு என்று இருக்கும். அழகான கற்பலகை மேடை, நாலு ஸ்லைடு (நிறுத்திய பிறகு வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதி), ஓடு பதித்த தரை என்று கட்டிய சில வண்டிகளில், நமக்கு மிஞ்சுவது ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 100 கேலன் டேங்க் நிரம்பினாலே 834 பவுண்டு போய்விட்டது. பாத்திரம், உடை, கருவிகள், புத்தகம், இரண்டு மனிதர்கள் எல்லாம் அதற்கு மேல். வாங்கிய பிறகு முழுச் சுமையோடு லாரி எடை மேடையில் ஏற்றி ஒவ்வொரு ஆக்ஸிலையும் தனித்தனியாக எடை பாருங்கள். டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்பதே அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும்.

நீளத்தில் 34 முதல் 38 அடிக்குள் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். தேசியப் பூங்காக்களின் பல கேம்ப் கிரவுண்டுகளில் 40 அடி வண்டி நுழையாது. மோட்டார்ஹோம்களை நிறுத்தி மின்சாரமும் தண்ணீரும் இணைத்துத் தங்கும் தனியார் ஆர்.வி. பார்க்குகளில் வேறொரு தடை உண்டு. பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ஏற்க மாட்டோம் என்று சிலர் விதி வைத்திருக்கிறார்கள். புகைப்படம் அனுப்பினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பழைய வண்டியின் வெளிப் பெயிண்ட் ஒழுங்காக இருப்பது அந்த வகையில் அழகுக்கு மட்டுமான விஷயமல்ல.

ஸ்லைடுகளை உள்ளே இழுத்த நிலையில் கழிவறைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் போக முடிகிறதா என்று நடந்து பாருங்கள். வழியில் ஒரு மணி நேரம் நிறுத்திச் சாப்பிட்டுத் தூங்க இது தேவைப்படும். ஸ்லைடு மோட்டார் பழுதாகி நின்றுவிட்டால் இன்னும் தேவைப்படும்.

படி 4: போவதற்கு முன் போனில்

நேரில் போய்ப் பார்க்கப் பயணச் செலவு ஆகும். முதலில் போனில் கேளுங்கள்: கடைசியாக நீளப் பயணம் போனது எப்போது? எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள், கூரைக்குக் கீழா, வெயிலிலா? டயரின் தேதி என்ன? பராமரிப்பு ரசீதுகள் இருக்கின்றனவா? ஜெனரேட்டர் மீட்டர் எவ்வளவு மணி நேரம் காட்டுகிறது? ஏன் விற்கிறீர்கள்?

அலட்டிக்கொள்ளாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்பவர்தான் நாம் தேடும் ஆள். வயதாகி இனி ஓட்ட முடியாது என்று விற்கும் தம்பதிகள் பலர் அரிசோனாவிலும் ஃப்ளோரிடாவிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஒவ்வொரு ஃபில்டர் மாற்றியதையும் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அப்படியொரு நோட்டைப் பார்த்துத்தான் நாங்கள் வாங்கினோம். ஊரைப் பொறுத்தும் சேதம் மாறும். பாலைவன வெயிலில் ரப்பர், பெயிண்ட், டயர் எல்லாம் வெடிப்பு விடும். ஃப்ளோரிடா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வடக்கு மாநிலங்களில் ஓடிய வண்டியின் அடிப்பகுதியில் துரு இருக்கும்.

படி 5: பார்க்கும் நாள், வீட்டுப் பக்கம்

விற்பவரிடம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். போனதும் முதல் வேலையாக எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். பிறகு எஞ்சினை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடுங்கள். வண்டி வாங்குவதில் எஞ்சின் பழுதைவிட நான் அஞ்சுவது இதற்குத்தான். எஞ்சினுக்கு மாற்று உண்டு. சுவருக்குள்ளேயே அழுகிய மரச்சட்டத்தைச் சரி செய்யும் செலவு வண்டி விலையையே மிஞ்சலாம்.

ஏணியில் கூரைக்கு ஏறுங்கள். காற்றாடி, ஏ.சி., ஆன்டெனா என்று கூரையில் ஓட்டை போட்ட இடத்தையெல்லாம் சுற்றி சீலன்ட் பூசியிருக்கும். அது வெடித்திருக்கிறதா, உரிந்திருக்கிறதா? வாரத்துக்கு முன் அவசரமாகப் பூசியது போலப் புத்தம்புதிதாக இருக்கிறதா? மெதுவாக நடந்து பாருங்கள். கால் அமுங்கும் இடம் இருந்தால் அதற்குக் கீழே மரம் ஊறியிருக்கிறது.

கீழே இறங்கி, வெளிச்சுவரைச் சாய்ந்த வெளிச்சத்தில், வண்டியின் நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஃபைபர் சுவரில் அலையோ கொப்புளமோ தெரிந்தால் உள்ளே நீர் புகுந்து ஒட்டுப் பிரிந்திருக்கிறது. உள்ளே போய் எல்லா அலமாரியையும் திறந்து மேல் மூலைகளைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். ஈரம் காட்டும் சின்னக் கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கும். முன் கண்ணாடியின் மூலைகள், ஸ்லைடின் கீழ் விளிம்பு, ஷவர் அறைக்குப் பின்புறம், ஃப்ரிட்ஜுக்கு மேலுள்ள கூரை ஆகிய நான்கிலும் அதை வைத்துப் பாருங்கள். வாசனைத் திரி எரிந்துகொண்டிருந்தால் அணைக்கச் சொல்லி, கதவை மூடி, பத்து நிமிடம் கழித்து மறுபடி உள்ளே போங்கள்.

நாங்கள் பார்த்த ஒரு வண்டியில் தோல் சோஃபா, மினுமினுக்கும் மேடை, எல்லாம் கண்ணைப் பறித்தன. கட்டிலின் கால்மாட்டில் ஒரு மிதியடி விரித்திருந்தார்கள். அதைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினேன், தரை அழுந்தியது. அன்று அந்த மிதியடியைத் தூக்கியிராவிட்டால் இன்று இதை எழுதும் நிலையில் இருந்திருக்க மாட்டேன்.

மற்றவை விரைவாக: ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு முறை வெளியே தள்ளி உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பம்பைப் போட்டு எல்லாக் குழாயையும் திறவுங்கள். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பம்ப் தானாக ஓடுகிறதா என்று காது கொடுங்கள், ஓடினால் எங்கோ கசிவு. அடிக் கால்களை இறக்கி வண்டியை மட்டம் செய்யச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜ் உறிஞ்சல் வகை (கம்ப்ரஸர் இல்லாமல், எரிவாயு அல்லது மின்சாரச் சூட்டில் ஓடுவது) என்றால் குளிர ஒரு நாள் எடுக்கும், ஆகவே முந்தின நாளே போட்டு வைக்கச் சொல்ல வேண்டும். இந்த வகை ஃப்ரிட்ஜ்களின் பின்புறம் தீப்பிடித்த சம்பவங்களால் ரீகால் (தயாரிப்பாளரே பழுதைச் சரி செய்து தரும் அறிவிப்பு) வந்திருக்கிறது. உங்கள் மாடலுக்கு ரீகால் வேலை முடிந்ததா என்று பாருங்கள். குடியிருக்கப் போகிறவர்கள் பின்னாளில் வீட்டு வகை ஃப்ரிட்ஜுக்கு மாறிவிடுவது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

மின்சாரத்தில் ஒரு கணக்கு. 50 ஆம்ப் இணைப்பு என்பது 120 வோல்ட்டில் இரண்டு கம்பி, ஆளுக்கு 50 ஆம்ப், ஆக 12,000 வாட். 30 ஆம்ப் இணைப்பு 3,600 வாட்தான். கோடையில் இரண்டு ஏ.சி. ஓட்டி வாழ 50 ஆம்ப் வண்டி வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு பேட்டரியிலேயே விளக்கும் பம்பும் ஓட விட்டு ஒரு மணி நேரம் கழித்து வோல்ட் பாருங்கள். நல்ல ஈய பேட்டரி முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6-க்கு மேல் காட்டும். 12.1 பக்கம் வந்தால் பாதி காலி.

டீசல் ஜெனரேட்டரைப் பொறுத்தவரை, இருபது வருடத்தில் 200 மணி நேரம்தான் ஓடியது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் எனக்குக் கவலைதான் வரும். மாதம் ஒரு முறையாவது பாதிச் சுமையில் ஓடியிருக்க வேண்டிய பொருள் அது. இரண்டு ஏ.சி.யையும் போட்டு அரை மணி நேரமாவது ஓட விடுங்கள்.

படி 6: பஸ் பக்கம்

இப்போது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யலாம். ஒருவர் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து தெளிந்தால் சரி. தெளியாத நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். லேசான ஆவி வருவது இயல்பு, மூடியைத் தூக்கி எறியும் வேகத்தில் காற்று வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன.

பிறகு ரேடியேட்டர். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பல புஷர்களில் ரேடியேட்டர் வண்டியின் கடைசியில், எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. எஞ்சினின் மூச்சுக் குழாயிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சாலைத் தூசும் சேர்ந்து, காற்றாடி தள்ளும் காற்றோடு போய் ரேடியேட்டரின் உட்பக்கத்தில் படியும். பின்னாலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும், எஞ்சின் பக்கமிருந்து பார்த்தால் கம்பளி போல அடைத்திருக்கும். படுக்கையறையில் எஞ்சினுக்கு மேலுள்ள மூடியைத் திறந்து, டார்ச்சை அந்தப் பக்கம் அடித்துப் பாருங்கள். கோடையில் மலையேறும்போது சூடேறி நிற்கும் வண்டிகளில் பாதிக்குக் காரணம் இதுதான் என்று எங்களுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் சொல்வார். அழுக்கு இருந்தால் வாங்கக் கூடாது என்றில்லை. கரைப்பான் தெளித்து மெதுவான நீரால் பலமுறை கழுவினால் போகும். ஆனால் அந்த அழுக்கு இதுவரை வண்டியை யாரும் கவனித்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுகிறது. பக்கவாட்டில் ரேடியேட்டர் உள்ள வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு.

டயர் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஏழு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும், மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். முன் டயர் வேகத்தில் வெடித்தால் ஸ்டியரிங்கைப் பிடிப்பது கடினம், இதில் சமரசம் வேண்டாம். உள்பக்க இரட்டை டயரின் தேதியையும் படுத்துப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

ஏர் பிரேக் சோதனை கனரக வாகன ஓட்டுநர்கள் செய்வதுதான். காற்றழுத்தம் 85-இலிருந்து 100 பி.எஸ்.ஐ.க்கு 45 விநாடிக்குள் ஏற வேண்டும். முழு அழுத்தம் வந்ததும் எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். நிமிடத்துக்கு 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் குறையக் கூடாது. பெடலை அழுத்திப் பிடித்தால் 3-க்கு மேல் குறையக் கூடாது. பெடலை விட்டு விட்டு மிதித்து அழுத்தத்தை இறக்குங்கள், 60-க்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். சஸ்பென்ஷனின் காற்றுப் பைகளில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆனால் கட்டைகள் தாங்காமல் வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். பையில் காற்றுப் போனால் வண்டி ஒரு நொடியில் இறங்கி ஆளை நசுக்கிவிடும். இதில் உயிர் போனவர்கள் உண்டு.

சாலையில் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள், நெடுஞ்சாலை வேகத்திலும், ஒரு மேட்டிலும். மேட்டில் ஏறி முடித்ததும் வெப்பமானி எங்கே நிற்கிறது? இறக்கத்தில், எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டால் வண்டி பிடித்து நிற்கிறதா? கொலராடோவில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் நாளில், சக்கரப் பிரேக்கை மட்டும் நம்பி யாரும் இறங்க முடியாது.

படி 7: மற்றவர் கண்

பிடித்துவிட்டதா? முன்பணம் கொடுங்கள். ஆய்வில் திருப்தி இல்லையென்றால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். பிறகு இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். வீட்டுப் பக்கத்துக்கு என்.ஆர்.வி.ஐ.ஏ. (அமெரிக்க ஆர்.வி. ஆய்வாளர்கள் சங்கம்) சான்று பெற்ற ஆய்வாளர், எஞ்சின் பக்கத்துக்கு ஒரு டீசல் மெக்கானிக். விற்பவர் சிபாரிசு செய்யும் ஆளாக இருக்கக் கூடாது.

எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், கூலன்ட் மூன்றையும் சூடாக இருக்கும்போது எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எண்ணெயில் சோடியமும் பொட்டாசியமும் கூடியிருந்தால் கூலன்ட் உள்ளே கலக்கிறது, சிலிக்கான் கூடியிருந்தால் காற்று ஃபில்டரைத் தாண்டித் தூசு போகிறது, டீசல் கலந்திருந்தால் இன்ஜெக்டர் கசிகிறது. சமீபத்தில்தான் எண்ணெய் மாற்றினோம் என்றால் இந்தச் சோதனை சரியான படத்தைக் காட்டாது, அப்போது பழைய அறிக்கைகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். எலக்ட்ரானிக் எஞ்சின் என்றால் கம்ப்யூட்டரை இணைத்துப் பழைய பிழைக் குறியீடுகளையும் ஓடிய மணி நேரத்தையும் படிக்கச் சொல்லுங்கள். மைலை மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 60,000 மைலுக்கு 1,500 மணி என்றால் 40, அது நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. 15, 20 என்று வந்தால் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட விட்டிருக்கிறார்கள்.

படி 8: காகிதம்

டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், விற்பவரின் பெயர் இருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா, வெள்ளத்திலோ விபத்திலோ சிக்கியது என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ரீகாலை நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ.வில் தேடலாம். கோச்சுக்கு ஒன்று, அடியிலுள்ள சேஸிஸ் சட்டத்துக்கு ஒன்று, ஃப்ரிட்ஜ், ஜெனரேட்டர் என்று தனித்தனியாகத் தேட வேண்டும்.

ஓட்டுநர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்ஸஸில் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு வணிகம் சாராத பி வகை உரிமம் வேண்டும். கலிஃபோர்னியாவில் 40 அடியைத் தாண்டினால் வேண்டும்.

நிரந்தர வீடு இல்லாதவர்களுக்கும் சட்டப்படி ஒரு முகவரி தேவை. டெக்ஸஸ், ஃப்ளோரிடா, சவுத் டகோட்டா மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. கடிதங்களை வாங்கி அனுப்பும் சேவைகளும் உண்டு, அதனால் பெரும்பாலோர் இவற்றில் ஒன்றை எடுக்கிறார்கள். டெக்ஸஸின் லிவிங்ஸ்டனில் இயங்கும் எஸ்கேப்பீஸ் சங்கம் 1978-இலிருந்து இந்த வாழ்க்கை வாழ்பவர்களுக்காகவே இருக்கிறது. வரியை மட்டும் பார்த்து மாநிலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மருத்துவக் காப்பீடு மாவட்டத்தைப் பொறுத்து மாறும், ஊர் ஊராகப் போகிறவருக்கு அதுதான் பெரிய கணக்கு. வண்டிக் காப்பீட்டில் முழு நேரக் குடியிருப்புக்கான வகையைக் கேட்டு எடுங்கள். சாதாரண வகையில் உங்கள் சாமான்களுக்கும், வாசலில் ஒருவர் விழுந்தால் வரும் பொறுப்புக்கும் பாதுகாப்பு இருக்காது.

படி 9: வாங்கிய பிறகு மூன்று மாதம்

பழைய வீட்டை உடனே விட்டுவிடாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு மாதமாவது மீதி இருக்கும்போதே வண்டிக்கு மாறுங்கள். முதல் மாதம், நம்பும் பட்டறையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் தங்குங்கள். எல்லா எண்ணெயையும் ஃபில்டரையும் நீங்களே தேதி போட்டு மாற்றுங்கள், பிரேக் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் ஏர் ட்ரையரின் கார்ட்ரிட்ஜ் உட்பட. பெரும்பாலும் அதைத்தான் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். புகை, கார்பன் மோனாக்ஸைடு, எரிவாயு எச்சரிக்கைக் கருவிகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். எஞ்சினும் ஜெனரேட்டரும் அருகே இருக்கும் அறையில் தூங்கப் போகிறீர்கள்.

பட்டறையில் ஒன்றிரண்டு நாள் விடும்போது இரவில் வண்டிக்குள்ளேயே தூங்க அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். உண்டு என்று சொல்லி, ஒரு மின் இணைப்பும் தரும் பட்டறைகள் இருக்கின்றன, அவற்றை ஊர் வாரியாகக் குறித்து வையுங்கள். சாமான் அறையில் ஒரு செட் ஃப்யூயல் ஃபில்டர், ஒரு பெல்ட், ஒரு கேலன் கூலன்ட், ஃபில்டரைக் கழற்றும் பட்டை ஸ்பேனர் எப்போதும் இருக்கட்டும். எங்கோ ஒரு டீசல் பங்க்கில் அழுக்கு டீசல் ஊற்றிக்கொண்டு, ஆளில்லாத சாலை ஓரத்தில் எஞ்சின் இருமி நிற்கும். ஸ்பேனர் இருந்தால் ஃபில்டர் மாற்ற அரை மணி நேரம் போதும். அந்த வேலையை வாங்கிய முதல் வாரத்திலேயே, பகல் வெளிச்சத்தில், மெக்கானிக் பக்கத்தில் நிற்க, உங்கள் கையாலேயே ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள்.